லவோன் வாங்கிய குட்டை விளக்கு

"இது ஒரு விளக்காடீ? எலி வளைக்குள்ள வைக்கிற சாமான் மாதிரி இருக்கு!"

"உன்னையா கேட்டேன்? நான் கெய்ல்கிட்ட கேட்டேன்…"

"கெய்ல் விக்கிறவ. அவளுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். நான் சொல்றதைக் கேளு, அந்தப் பெரிசை எடு, மேலருந்து தொங்கவிடறதை…"

"மேலருந்து வேணாம்னுதானே தலையால அடிச்சுக்கறேன்…"

"பட்டப்பகல் மாதிரி கொட்டும் வெளிச்சம்…"

"கொட்ட வேணாம் ஆர்லிஸ்! எனக்கு வெளிச்சம் கொட்டவே வேணாம்!"

கடையிலிருந்த பெண்கள் துணிச் சுருள்களுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஆர்லிஸும் லவோனும் கத்திக்கொள்வது அந்த நெப்ராஸ்கா ஊரில் புதுச் செய்தி அல்ல. பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே வகுப்பில் படித்து, ஒரே மாதா கோவிலில் கல்யாணம் முடித்து, இப்போது ஒரே தையல் சங்கத்தில் உட்கார்ந்து அடுத்தவர் தையலைக் குறை சொல்லும் வயதுக்கு வந்தவர்கள். கெய்ல் மட்டும் கல்லாவுக்குப் பின்னால் நின்று, வாயைத் திறந்தால் எந்தப் பக்கம் அடி விழும் என்று தெரியாமல் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

லவோன் தேர்ந்தெடுத்த விளக்கு உண்மையிலேயே குட்டை. வளையும் கழுத்து, கைப்பிடி அளவு தலை. மெஷினுக்கு இடப்பக்கம் மேஜைமேல் கவிழ்த்து வைத்தால் துணியை முட்டுகிற உயரம்தான் இருக்கும். ஆர்லிஸ் அதைப் பார்த்துவிட்டு, லவோனின் கூடையை எட்டிப் பார்த்தாள். விரல்நுனியில் ரப்பர் ஒட்டிய கையுறை ஒரு ஜோடி, சரி. துணி வழுக்கி ஓட மெஷினுக்கு அடியில் போடும் வழவழத் தாள், அதுவும் சரி. ஆனால் அதற்குக் கீழே கிடந்தது?

"தையல் பிரிக்கிற முள் எதுக்குடீ ரெண்டு?"

"ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு."

"ஊசி வாங்கல?"

"வீட்ல இருக்கு."

"நூலு?"

"இருக்குடீ. நீ என்ன போலீசா?"

ஆர்லிஸ் சிரித்து வைத்தாள். ஆனால் வீடு வந்து சேரும்வரை அந்த முள் இரண்டும் அவள் மனசைக் குத்திக்கொண்டே வந்தன. குவில்ட் என்ற ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவள் ஊசியும் நூலும்தான் தின்று தீர்ப்பாள். பிரிக்கிற முள் மட்டும் வாங்குகிறவள் எதைத் தைக்கிறாள்?

விஷயம் சாதாரணமாக இருந்தால் அவளும் விட்டிருப்பாள். சங்கத்தின் ஜோடிப் போட்டி அது. ஜனவரியில் காப்பி டப்பாவுக்குள் கைவிட்டுச் சீட்டு எடுப்பார்கள். ஜோடியில் ஒருத்தி துண்டுத் துணிகளைச் சேர்த்து மேல்துணியைத் தைக்க வேண்டும். மற்றவள் அதற்கு நடுவில் பஞ்சும் அடியில் துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்து மேலே கொடியும் இலையுமாகத் தையல் ஓட்ட வேண்டும். அதுவும் வீட்டு மெஷினில்தான். துணியை இழுக்கும் பல்லை இறக்கிவிட்டு, கையாலேயே துணியைத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டும். படத்தைக் கொடுத்தால் தானாகத் தைத்துத் தள்ளும் கணினி மெஷின் பக்கம் போகக்கூடாது. ஒருத்தி வேலையில் மற்றவள் கை வைக்கவும் கூடாது. மீறினால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் நீக்குவார்கள். ஒருமுறை பானி என்பவள் அப்படி மாட்டிக்கொண்டு, அவமானம் தாங்காமல் கோவிலையே மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஆர்லிஸ் இந்த வருஷம் தைத்த மேல்துணியைப் போல வாழ்நாளில் தைத்ததில்லை. நடுவில் நட்சத்திரங்கள், சுற்றிலும் அகலமாக, மெழுகுச் சாயம் ஏற்றிய கருநீல பாத்திக் துணியில் பார்டர். வருஷா வருஷம் யாருக்கோ கைதட்டிவிட்டு வருகிறவளுக்கு இந்தத் தடவைதான் முதல் பரிசான நீல ரிப்பன் கண்ணில் தெரிந்தது. சீட்டில் லவோன் பெயர் வந்தபோது குதித்தாள். இப்போது அந்த லவோன்தான் அவளைக் கரையேற்ற வேண்டும், இல்லையென்றால் கவிழ்க்க வேண்டும்.

ஆர்லிஸின் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல். அதற்கு நேரே லவோனின் தையல் அறை ஜன்னல். போன குளிர்காலம் முழுக்க அங்கே கூரை விளக்கும் நிலை விளக்கும் எரிந்து தெருவுக்கே வெளிச்சம் போட்டன. இப்போது சாயங்காலம் ஆறடித்து இருட்டினால் அந்த ஜன்னல் குருட்டுக் கண்ணாகக் கிடந்தது. பகலிலும் திரை. கெட்டித் திரை.

"மைலோ, இங்க வா. அந்த ஜன்னலைப் பாரு."

அவள் புருஷன் மைலோ சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. "பார்த்தாச்சு. ஜன்னல்."

"இருட்டா இருக்கு."

"சாயங்காலம் ஆச்சுல்ல."

"அவ தைக்கல மைலோ! அந்த எலிவளை விளக்கை மட்டும் வச்சு எவளாவது தைப்பாளா? கருநீலத் துணியில கருநீல நூலு. வெயில்லயே கண்ணுக்குத் தெரியாது."

"படுத்துத் தூங்கறாளோ என்னவோ. நல்ல காரியம். நீயும் செய்யலாம்."

"தூங்கறவ, போன் பண்ணா 'முக்கால்வாசி முடிஞ்சிடுச்சு'ங்கறா. எப்படி முடியும்? யாரு முடிக்கறா?"

"தேவதைங்க வந்து தைக்குதுங்க போல."

"சிரி, சிரி. பேரு போகப் போறது எனக்குத்தானே."

மறுநாள் தேவதை வேனில் வந்தது. பழுப்பு வேன், பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ட்ரூடியின் பெயர். பக்கத்து ஊர் ட்ரூடி தானியக் கொட்டகையைக் காலி செய்து அதில் கட்டில் அகலத்துக்குக் கணினி குவில்ட் மெஷின் வைத்திருப்பவள். கை வலிக்கிறவர்கள், நேரமில்லாதவர்கள், சோம்பேறிகள் எல்லாருக்கும் அவள்தான் தைத்துக் கொடுப்பது. அந்த வேன் லவோன் வாசலில் நின்றது. ஆர்லிஸ் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். வேன் கிளம்பும்போது ட்ரூடி கையில் ஏதாவது மூட்டை இருந்ததா என்று தெரியவில்லை, பாழாய்ப்போன பனிக்குவியல் மறைத்தது.

அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. காலையில் சுட்ட, பாப்பி விதை வைத்த கொலாச்சி பன்களைத் தட்டில் அடுக்கி, மேலே துணி போட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். திறக்க நேரமாயிற்று. திறந்தபோதும் ஒரு சாண்தான் திறந்தது. லவோனின் இரண்டு கையிலும் அந்த ரப்பர் நுனிக் கையுறை.

'நான் வர்றதைப் பார்த்துட்டு மாட்டியிருக்கா' என்று நினைத்துக்கொண்டாள் ஆர்லிஸ்.

"கொலாச்சி கொண்டாந்தேன்."

"ஐயோ, நல்ல நேரம். குடு."

"உள்ள வரட்டுமா?"

"உள்ளயா? ஒரே குப்பையா கெடக்குடீ."

"உன் வீட்டுக் குப்பை எனக்குத் தெரியாததா? குவில்ட்டைக் கண்ணால காட்டேன் ஒரு தடவை. என்னோடதும்தானே அது."

லவோன் கொஞ்சம் யோசித்தாள். "இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுப் போய், முழு குவில்ட்டையும் பந்தாகச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, நடு நட்சத்திரத்தை மட்டும் விரித்துக் காட்டினாள். பார்டர் பக்கம் சுருளுக்குள்ளேயே இருந்தது. இறகு இறகாக வளைந்த தையல். ஒவ்வொரு தையலும் கடுகு கோத்ததுபோல ஒரே அளவு. ஒன்று நீளம் ஒன்று குட்டை என்பதே இல்லை.

ஆர்லிஸ் குனிந்து தையலை உற்றுப் பார்த்தாள். லவோன் கையைத் தெரியாதா அவளுக்கு? போன வருஷம் லவோன் ஓட்டிய இலைகளைப் பார்த்து, ஆடு மென்றதா என்று கேட்டவளே ஆர்லிஸ்தானே.

"நல்லாருக்கு" என்றாள்.

"நல்லாருக்கா? அவ்வளவுதானா?"

"ரொம்ப நல்லாருக்கு. அதான் சொல்றேன்."

"இதென்னடீ பேச்சு? வாழ்த்தறியா வையறியா?"

"ட்ரூடி வந்தாளாமே?"

லவோன் சுருளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "ஆமா. சும்மா வந்தா. குளிருது, கதவைச் சாத்தணும், வரட்டா?" கதவு சாத்திக்கொண்டது. கொலாச்சித் தட்டு உள்ளே போய்விட்டது.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோவில் கீழ்த்தளத்தில் மீன் பொரித்துப் போடுவார்கள். ஊரே அங்கேதான் சாப்பிடும். ஜோடிப் போட்டி நடக்கும் கண்காட்சிக் குழுவின் தலைவி மிஸஸ் வோண்ட்ரா வழக்கமான மூலை மேஜையில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். ஊரில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் பல்லுப்போன கிழவர்கள்கூட அவரை மிஸஸ் போட்டுத்தான் கூப்பிடுவார்கள். ஆர்லிஸ் தன் தட்டோடு எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல மிஸஸ் வோண்ட்ரா."

"சரி."

"சும்மா கேக்கறேன். ஒருத்தி ராத்திரி பகல் விளக்கே போடாம குவில்ட் தைக்க முடியுமா?"

"யாரு அந்த ஒருத்தி?"

"பேரெல்லாம் எதுக்கு? அவ வீட்டுக்கு ட்ரூடி வேன் வந்து நிக்குது. தையல் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன்னு நாளைக்கு என் பேரும் சேர்ந்து போகக்கூடாது பாருங்க."

மிஸஸ் வோண்ட்ரா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "உன் ஜோடி லவோன்தானே?"

ஆர்லிஸ் மீன்மேல் எலுமிச்சையைப் பிழிந்தாள், பிழிந்ததையே பிழிந்தாள்.

"கேள்வின்னு ஒண்ணு காதுல விழுந்தா நான் போய்ப் பார்த்தே ஆகணும் ஆர்லிஸ். அது சட்டம். அவ என் எதிரில உக்காந்து தைச்சுக் காட்டணும், ஜோடியும் கூட இருக்கணும். யாரு கேட்டான்னு நான் சொல்ல மாட்டேன், அதுவும் சட்டம். நாளைக்குக் காலையில வா."

"நாளைக்கேவா?"

"நீதானே சும்மா கேட்டே?"

ஆர்லிஸ் மீனைத் தொடாமல் தட்டைத் தள்ளி வைத்தாள். சந்தேகம் நிஜமானால் இரண்டு பேர் பேரும் போகும். பொய்யானால் லவோன் முகத்தில் எப்படி விழிப்பது? இரண்டையும் நினைத்துப் பார்த்தும், எது நடக்க வேண்டும் என்று அவளுக்கே விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை மிஸஸ் வோண்ட்ரா கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னே போக, ஆர்லிஸ் பின்னால் போனாள். லவோனுக்குக் காலையில்தான் போன் போயிருந்தது. முகம் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு கதவை அகலத் திறந்தாள்.

"எவளோ ஒருத்தி என்னைத் திருடிங்கறா, அப்படித்தானே? வாங்க. வந்து பாருங்க. நீயும் வாடி ஆர்லிஸ், உன்னையும் இழுத்துட்டாங்களா பாவம்."

தையல் அறை பளிச்சென்று இருந்தது. மெஷினின் இடப்பக்கம் இஸ்திரி மேஜையைத் தணித்துப் போட்டு, குவில்ட்டின் கனமெல்லாம் அதன்மேல் கிடந்தது. லவோன் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் முதலில் செய்த காரியம், எழுந்து திரையை இழுத்து மூடியது. பிறகு கூரை விளக்கை அணைத்தாள். பிறகு மெஷினிலேயே இருக்கும் சின்ன பல்பையும் அணைத்தாள்.

"என்ன பண்றே?" என்றார் மிஸஸ் வோண்ட்ரா இருட்டில்.

"பாருங்க."

குட்டை விளக்கு எரிந்தது. துணியோடு துணியாகப் படுத்துக்கொண்டு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் சாய்வாக ஓடியது. அதுவரை தட்டைக் கருநீலமாகக் கிடந்த துணியில் ஒவ்வொரு தையலும் தன் நிழலோடு எழுந்து நின்றது. உழுத வயலைச் சாயங்கால வெயிலில் பார்ப்பதுபோல மேடும் பள்ளமும் தெரிந்தன.

"மேலருந்து கொட்டினா நிழலே விழாது மிஸஸ் வோண்ட்ரா. நீலத்துமேல நீலம், எங்க ஓட்டினேன், எங்க விட்டேன், எதுவும் தெரியாது. போன வருஷம் இலை எல்லாம் கோணலாப் போனது அதனாலதான். இந்த வெளிச்சத்துல பாருங்க, நூலு நடந்த தடமே தெரியுது. ட்ரூடிதான் சொன்னா. அவ மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் தைப்பாளாம்."

கையுறை விரல்களைத் துணிமேல் பரப்பி, மிதியை அழுத்தினாள். மெஷின் ஒரே சுருதியில் ஓடியது. துணி வழவழத் தாளின்மேல் தண்ணீரில் மிதப்பதுபோல நகர்ந்தது. இறகு ஒன்று வளைந்து, தண்டுக்குத் திரும்பி, அடுத்ததாக விரிந்தது. கடுகு கோத்ததுபோல. ஒரே அளவு.

மிஸஸ் வோண்ட்ரா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "போதும்" என்றார். "இது உன் கைதான். கேள்வி கேட்டவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

ஆர்லிஸ் சுவரில் சாய்ந்துகொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நீல ரிப்பன் மறுபடி கண்ணில் ஆடியது.

"இரு" என்றார் மிஸஸ் வோண்ட்ரா. "இது என்ன?"

கைத்தடியின் நுனி பார்டரைத் தொட்டது. இணைப்புத் தையலை ஒட்டி, அதற்கு மயிரிழை தள்ளி, வரிசையாக ஊசி ஓட்டைகள். பகல் வெளிச்சத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சாய்ந்த வெளிச்சத்தில் எறும்பு வரிசைபோல ஓடின. பாத்திக் துணியில் ஒருமுறை ஊசி ஏறினால் தடம் போகாது.

"பார்டரைப் பிரிச்சு மறுபடி தைச்சிருக்கு."

லவோன் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"ஆர்லிஸ்," என்றார் மிஸஸ் வோண்ட்ரா, "மேல்துணி உன்னோடது. நீ குடுக்கறதுக்கு முன்னாடி நீயே பிரிச்சுத் தைச்சியா?"

ஆர்லிஸ் பிரிக்கவில்லை. அந்த பார்டரில் அவள் முள்ளே வைத்ததில்லை. என் துணியில் கை வைத்தாளா இவள், என் நட்சத்திரத்தைச் சுற்றிப் பிரித்துப் போட்டாளா என்று சூடு தலைக்கேறியது. வாயைத் திறந்தாள். லவோன் அவளைப் பார்க்கவில்லை, கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'இல்லை' என்று ஒரு சொல் போதும், இரண்டு பேரும் பானி போன கோவிலுக்குத்தான் போக வேண்டும்.

"நான்தான்" என்றாள் ஆர்லிஸ்.

"நீயா?" மிஸஸ் வோண்ட்ரா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீ பார்டரை அளந்து வச்சு நான் பார்த்ததே இல்லையே. பட்டையை நீளமா வச்சு ஓட்டிட்டு, முடியற எடத்துல வெட்டறவ நீ."

"இந்தத் தடவை அளந்தேன்."

"நல்ல பழக்கம்" என்றார் அவர். நம்பினாரா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. "விடாம கடைப்பிடி."

கைத்தடிச் சத்தம் வாசல்வரை போய், கார் கிளம்பும் சத்தமும் ஓய்ந்தது. இரண்டு பேரும் குட்டை விளக்கின் வெளிச்சத்தில் நின்றார்கள்.

"என் பார்டரைப் பிரிச்சிருக்கே."

"பிரிச்சேன்."

"ஏண்டீ?"

"ஏன்னா அது வெள்ளம் வந்த ஆறு மாதிரி அலை அலையா ஆடிச்சு! தரையில விரிச்சா நடுவுல பூனை படுத்த மாதிரி எழுந்து நின்னுச்சு. அளக்காம ஓட்டினா வேற எப்படி இருக்கும்? குடுக்கும்போது என்ன சொன்னே? 'குவில்ட் பண்ணா சரியாயிடும்'னே. எதுடீ சரியாகும்? மடிப்பு மடிப்பா விழுந்து, பாக்கறவ சிரிச்சிருப்பா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ குதிச்ச குதி இருக்கே, ரிப்பனை எங்க மாட்டறதுன்னு செவுத்துல ஆணியே அடிச்சு வச்சிருந்தே. எப்படிச் சொல்லுவேன்? குவில்ட் பண்றதுக்கு முன்னாடியே ட்ரூடிகிட்ட தூக்கிட்டுப் போய்க் காட்டினேன். பிரிச்சு, மேல்துணியோட நடுவுல அளந்து, பட்டையில மிச்சத்தை வெட்டித் தைச்சிடு, யாருக்கும் தெரியாதுன்னா. அன்னிக்கு வேன்ல வந்தது அது எப்படி வந்திருக்குன்னு பாக்கத்தான். ரெண்டு முள்ளும் தேஞ்சுபோச்சு. நீ வந்து கேக்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்துச்சு."

ஆர்லிஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பார்டரின் விளிம்பைத் தடவினாள். எங்கும் மேடில்லை. கண்ணாடிபோல நேராகக் கிடந்தது. அவள் தைத்ததில் இப்படி எதுவும் கிடந்ததில்லை. மீன் மேஜையில் பேசியதைச் சொல்லிவிட வாயெடுத்தாள். "லவோன், அது வந்து…"

"நீ ஒண்ணும் சொல்லாதே. எனக்காகப் பொய் சொன்னே பாரு, அதை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன்." லவோன் விளக்கை அணைத்துவிட்டுத் திரையை இழுத்துத் திறந்தாள். பனி வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. அவள் முகத்தில் இப்போது வேறொரு சிவப்பு. "ஆனா ஒண்ணு கேளு. இங்க ஏதோ நடக்குதுன்னு தெரிஞ்சவ ஒருத்திதான். இந்த அறைக்குள்ள வந்தவ ஒருத்திதான். யோசனையும் சொல்லிக் குடுத்துட்டு, அந்தப் பக்கம் போய் மிஸஸ் வோண்ட்ரா காதுல ஊதியிருக்கா. ட்ரூடி!"

"ட்ரூடியா? அவ ஏன்…"

"வேற யாரு? நீயே சொல்லு, வேற யாருக்குத் தெரியும்?" லவோன் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள். ஆர்லிஸின் கோட்டையும் எடுத்து அவள் மடியில் போட்டாள். "மாட்டு. இப்பவே அந்தக் கொட்டகைக்குப் போய் அவ மூஞ்சிக்கு நேரா கேக்கறேன். சாட்சிக்கு நீ பக்கத்துல நிக்கணும். என்னடீ பாக்கறே, வர்றியா இல்லையா?"